கடைசித் தாள் கடையிலேயே

காமிக்ஸ் புத்தகத்தை வாடகைக்கு விடுவதைப் போல வயிற்றெரிச்சல் பிடித்த தொழில் இன்னொன்று எனக்குத் தெரிந்து இல்லை. எண்பதுகளில் வில்லியனூரில் ஒரு சந்துக்குள் ஆறு வருஷம் அந்தக் கடையை வைத்திருந்தேன். அதிகம் ஓடியது 'சூறாவளிச் சூரன்'. ஊதா நிறத்தில் தோளிலிருந்து தொங்கும் துணி, முகமூடி, ஆள் பறப்பான். மாதம் ஒரு இதழ். வந்த அன்றே ஊரில் ஆளாளுக்கு விமர்சகர் ஆகிவிடுவார்கள். கடை வைத்து வாடிக்கையாளர் வாயில் விழுந்து எழுந்தவர்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி அழ?

அட்டை பத்திரம்

ஒரு ஆள் எடுத்துப்போகும் புத்தகத்தைத் தெருவே படிக்கும். வில்லியனூரில் கொடுத்தது நெட்டப்பாக்கத்தில் யாரோ ஒருவர் கட்டிலுக்கடியில் கிடக்கும். சைக்கிள் கடை ஏழுமலை ஒரு மாதம் கழித்து வந்து, புது இதழின் அட்டையை மட்டும் மேஜைமேல் வைத்தான். உள்ளே ஒரு பக்கமும் இல்லை. புத்தகம் எங்கேடா என்றேன். கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னான்:

"அட்டை பத்திரமா கீது பாரு. கததான் எங்கியோ பூட்ச்சி."

சாயம்

அன்றைக்குத்தான் அந்தச் சட்டம் போட்டேன். ஒவ்வொரு இதழிலும் கதை முடிகிற கடைசித் தாளைக் கிழித்து, பழைய காலண்டர் அட்டையில் ஒட்டி, நம்பர் எழுதிக் கடையிலேயே வைத்துக்கொள்வேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் முடிவைப் படிக்கலாம், அதுவும் என் பெஞ்சில் உட்கார்ந்து. எமன் வந்தாலும் தாள் கடையைத் தாண்டாது என்று எழுதிக்கூடத் தொங்கவிட்டேன். புத்தகங்கள் ஓடோடி வந்தன. கூடவே அபிப்பிராயங்களும் வந்தன, என் தலையெழுத்து.

பக்கத்து ஜவுளிக்கடை பாய் நல்ல மனுஷர். சூரன் எரிமலைக்குள் குதித்து ஒரு ஊரையே காப்பாற்றிய இதழை நான் அழாத குறையாகப் படித்திருந்தேன். பாய் கடைசித் தாளைப் படித்துவிட்டு, சூரனின் தோள்துணியை விரலால் தடவிப் பார்த்தார். கதை எப்படி பாய் என்று ஆசையாகக் கேட்டேன்.

"மழையில நனையறான், கடல்ல முங்கறான், நெருப்புல குதிக்கறான். சாயமே போகல பாருங்க தம்பி. இந்த மாதிரி சரக்கு நமக்கு எவன் குடுக்கறான்?"

எவ்வளவு குப்பை

பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை நேரத்தில் என் கடையைப் பெயர் சொல்லித் திட்டுவார் ஒரு வாத்தியார். பிள்ளைகளைக் கெடுக்கிறானாம். பையன்களிடமிருந்து பிடுங்கிய இதழை மடித்து வேட்டியில் செருகிக்கொண்டு, சாயங்காலம் கடைக்கு வருவார். திருப்பிக் கொடுக்கிறாரே, பெரிய மனசு என்று முதல் தடவை கும்பிடக்கூடச் செய்தேன். மனுஷர் பெஞ்சில் நடுவாக உட்கார்ந்து கையை நீட்டினார்.

"கத வெறும் குப்ப. அந்தக் கடைசித் தாள எடு, எவ்ளோ குப்பன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

மாறிப்போன முடிவு

ஒரு மாதம் நானே சொதப்பினேன். பசை காய்வதற்குள் அவசரப்பட்டு அட்டைகளில் நம்பரை மாற்றி எழுதிவிட்டேன். கதையில் சூரன் பாலைவனத்தில் கொள்ளைக்காரர்களைத் துரத்துகிறான். கடைசித் தாளில் பனிமலையில் ஒரு விஞ்ஞானியிடம் கைகுலுக்கி விடைபெறுகிறான். பத்து நாள் அப்படியே ஓடியது. ஒருவராவது கேட்கவேண்டுமே! பாய் படித்தார், வாத்தியார் இரண்டு தடவை படித்தார். எனக்கே தெரியாது. ரைஸ் மில் கணக்குப்பிள்ளை படித்து முடித்துவிட்டு என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"இந்த மாசந்தான்யா கத டாப்பு. முடிவு இப்டி வரும்னு எவனாலயும் கண்டுபுடிக்க முடியாது!"

சொல்தா

கண்டுபிடித்தவர் ஒரே ஒருவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். இவர் செல்லிப்பட்டுக்காரர், பெயர் ரத்தினம். மாதாமாதம் பஸ் ஏறி வந்து இதழை எடுத்துப்போவார், நாலாம் நாள் கொண்டுவருவார். தாளைப் பார்த்ததும், "பாலைவனத்துல ஏதுடா பனி?" என்று அதட்டி என்னையே தேடி எடுக்கவைத்தார். உண்மையைச் சொல்கிறேன், அவமானத்தை மீறி எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் வாடிக்கைக்காரர்களில் முழுசாகப் படிக்கிற ஒரு மனுஷராவது இருந்தாரே! அன்றிலிருந்து புது இதழ் வந்தால், சொல்தா என்ன சொல்வார் என்றுதான் காத்திருப்பேன்.

லேசில் பாராட்ட மாட்டார். சைகோன் பக்கம் சேற்றில் கிடந்து சண்டை போட்டவருக்கு என் சூரன்மேல் ஒரு தீராத குறை இருந்தது.

"நாப்பது புஸ்தகம் படிச்சிட்டேன். சண்டதான் போட்டுகினு கீறான். ஒரு வாட்டியாவது வூட்டுக்குப் போயி சோறு துன்றானா பாரு."

ஒரே ஒரு தாள்

அடுத்த இதழில் சூரனுக்குப் பறக்கும் சக்தி போய்விட்டது. கடலடியில் இரும்புக் கூண்டில் கிடக்கிறான், அதோடு தாள் கிழிகிறது. சொல்தா எடுத்துப்போனவர் நாலாம் நாள் வரவில்லை. பத்தாம் நாள் அவர் சம்சாரம் புத்தகத்தோடு வந்தார். கிணற்றடியில் வழுக்கி விழுந்து சொல்தாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம், எழுந்திருக்க முடியாதாம். "சூரன் தப்பிச்சானா இல்லியான்னு அதே பொலம்பல் தம்பி. எனக்குப் படிக்கத் தெரியாது, வாயால சொன்னாலும் கேக்க மாட்டாரு. தாளக் குடு, நாளைக்கே அனுப்பிடறேன்" என்றார்.

கொடுத்திருக்கலாம். பெஞ்சில் வாத்தியாரும் கணக்குப்பிள்ளையும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவருக்குக் கொடுத்தால் நாளைக்கு அவர்களும் கேட்பார்கள். "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. அவருக்கு ஒடம்பு தேறினதும் வரச் சொல்லுங்க" என்று, ஏதோ கவர்னர் மாதிரி சொன்னேன். அந்த அம்மா திட்டவில்லை. புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஒரு தாளு தம்பி. எடுத்துகினு ஓடியா பூடப் போறாரு?"

செல்லிப்பட்டு

அந்த மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. புது இதழ் வந்தும் சொல்தாவிடமிருந்து ஆள் வரவில்லை. கடையைச் சாத்திவிட்டு, காலண்டர் அட்டையோடு தாளை எடுத்துக்கொண்டு செல்லிப்பட்டுக்கு பஸ் ஏறினேன். சட்டம் போட்டவனே சட்டத்தை மீறினேன்.

கட்டிலில் கிடந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, கூண்டிலிருந்து வெளியே வந்த சூரனைப் பற்றித் தானாகவே ஒரு முடிவு கட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். என் தாளில் மின்னல் வெட்டி சூரனுக்குச் சக்தி திரும்பிவிடும், மறுபடி பறப்பான். அதை அவர் மார்மேல் வைத்தேன். அவர் அட்டையைப் பார்க்கக்கூட இல்லை. அப்படியே என் கையில் திருப்பி வைத்தார்.

"நீயே வச்சிக்கோ பா. என் சூரனுக்குப் பறக்க முடியல. நடந்தே வூட்டுக்கு வந்துட்டான், சோறும் துன்னுட்டான்."

கடைசித் தாளைப் பிடித்து வைத்தால் ஆட்கள் திரும்பி வருவார்கள் என்று நம்பிப் பிழைத்தவன் நான். எல்லாரும் வந்தார்கள், யாருக்காகக் கடையைத் திறந்து வைத்திருந்தேனோ அவர் ஒருவரைத் தவிர.