சாய்ப்புக்கு ஒரு சுவர்

போடியில் எங்கள் பழைய வீட்டின் பின்பக்கம் ஒரு சாய்ப்பு இருந்தது. கைமரங்களின் ஒரு முனையை வீட்டின் பின்சுவரில் செருகி, மறுமுனையைத் தாழ்வாக இறக்கி, மேலே தகரம் போட்ட இடம். அதற்குச் சுவர் மூன்றுதான். நாலாவது வீட்டுடையது. எங்கள் பக்கம் சாய்ப்பு கட்டினோம் என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, சாய்ப்பு இறக்கினோம் என்பார்கள். கட்டுவதெல்லாம் வீட்டுக்குத்தான்.

கூரை சாய்ந்திருப்பதால் சாய்ப்பு. இதைத் தெரிந்துகொள்ள அகராதி வேண்டாம், ஆனாலும் புரட்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பார்த்தபோது சார்ப்பு என்று இன்னொரு சொல்லும் கிடைத்தது. ஒன்றைச் சார்ந்து நிற்பதால் சார்ப்பு. எப்படிச் சொன்னாலும் எங்கள் வீட்டில் அங்கே கிடந்தது விறகும், ஓட்டை அண்டாவும், ரெண்டு வெள்ளாடும்.

பிறகு அக்கா வந்தாள். எங்கள் மூவரில் அவள்தான் மூத்தவள், அண்ணன் நடு, நான் கடைசி. அக்காவை எல்லைக்கு அந்தப் பக்கம், மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. பிள்ளை இல்லை. மச்சான் இறந்ததும் தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அப்பா அம்மா காலத்துக்குப் பின் போடி வீட்டில் இருந்த அண்ணன்தான் ஜீப்பு பிடித்துப் போய்க் கூட்டி வந்தான்.

"உள்ள எடம் பத்தாதுக்கா. சாய்ப்புல இருந்துக்க. ஆட்ட வித்துர்றேன்" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடு போய் அக்கா! ஆனால் அவள் முகம் மலர்ந்துவிட்டது. மேலே மலையாளத்துக்காரர்களும் சாய்ப்பு என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் வீட்டில் அது மரியாதையான பக்கத்து அறை. "மேல விருந்தாளி வந்தா சாய்ப்புலதான்டி படுக்கப் போடுவாக" என்றாள் என்னிடம். போடிமெட்டு ஏறினால் கட்டிலும் மெத்தையும், இறங்கினால் ஆட்டுப்புழுக்கை. ஒரே சொல்தான். அக்கா மேலே இருந்த அர்த்தத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். வெள்ளையடித்தாள், ஒரு கயிற்றுக் கட்டில் போட்டாள், மறுவாரமே பொம்பளைகளோடு ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போக ஆரம்பித்தாள்.

வருஷங்கள் ஓடின. போன வருஷம் அண்ணன் மகனுக்குக் கல்யாணம் பேசும் நேரத்தில், பழைய வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட் வீடு போடுவதென்று முடிவாயிற்று. நான் இப்போது இருக்கும் சிலமலையிலிருந்து பஸ்ஸேறிப் போனபோது, கொத்தனார் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். இது ஹால், இது அண்ணன் மதினிக்கு, இது மகனுக்கு, இது சாமி ரூம், பின்னால் வண்டி நிறுத்த. அவர் போட்ட கோட்டில் வண்டி நின்றது சாய்ப்பின் மேல்.

"சாமிக்கு ரூம் இருக்கு, வண்டிக்கு எடம் இருக்கு. அக்கா எங்கண்ணே?" என்றேன்.

அண்ணன் குனிந்து கோடுகளை எண்ணிப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் முதல் ஆளாக ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவன். அவளுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்பது அவன் புத்தியில் ஏறவே இல்லை, அவ்வளவுதான். "அக்கா ஹால்ல படுத்துக்கிறட்டும். டிவியும் பாத்துக்கிரலாம்ல" என்றான். ஆசையாகத்தான் சொன்னான்.

பங்கு, சட்டம், வக்கீல் என்று நான் வாய்க்கு வந்ததெல்லாம் கொட்டினேன். அக்கா வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். "நீ சும்மா இருடி" என்று என்னை அடக்கிவிட்டுக் கொத்தனாரிடம் கேட்டாள்.

"அண்ணே, பின்சுவத்த இடிச்சா சாய்ப்பு விழுந்துருமா?"

"மரமெல்லாம் அதுலதான ஆத்தா நிக்குது. விழாம என்ன செய்யும்?"

"அதுக்கு முன்னாடியே சாய்ப்புக்குள்ள ஒரு சுவரு எழுப்பி, மரத்த அதுல ஏத்திட்டா?"

அவர் சாய்ப்பை எட்டிப் பார்த்தார். "அப்ப நிக்கும்."

அக்கா அண்ணன் பக்கம் திரும்பினாள். "அப்பு, நான் ஹால்ல கெடக்க மாட்டேன். எனக்கு இந்தச் சாய்ப்பு போதும். வண்டிய வாசல்ல நிப்பாட்டிக்க."

அண்ணனுக்கு முன்னால் மதினி வாய் திறந்தது. "அவுக கேக்குறது ஞாயந்தானங்க." மதினியிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை. அன்றிலிருந்து மதினி மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு ஜீப்பில் போகும் பொம்பளைகள் வந்து சேர்ந்தார்கள். "வெரசா தூக்குங்கடி, மழை வந்துரும்" என்று ஒருத்தி அதட்ட, செங்கல் கைமாறிக் கைமாறிப் பின்பக்கம் போனது. நானும் கலவை சுமந்தேன், மறுநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. பழைய சுவரை ஒட்டி, உள்பக்கமாக அக்காவின் சுவர் எழும்பியது.

அது நன்றாக இறுகிய பிறகு வீட்டை இடித்தார்கள். பின்சுவர் விழுந்தபோது நான் அக்கா கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தகரம் ஒருதரம் அதிர்ந்தது. புழுதி அடங்கியதும் பார்த்தால், வீடிருந்த இடம் வெட்டவெளி, சாய்ப்பு மட்டும் நாலு சுவரோடு நிற்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சாய்ந்துகொள்ள எதுவுமே இல்லாத ஒன்றை இனி என்ன சொல்லிக் கூப்பிடுவது? அகராதி இதற்கு உதவாது.

அன்றைக்கென்று பார்த்து, வாடகைக்குப் பேசி வைத்திருந்த வீட்டுக்காரர் கையை விரித்துவிட்டார். பீரோ, மெத்தை, பாத்திரமெல்லாம் தெருவில் கிடக்க, குரங்கணிப் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. அண்ணன் தலையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு சாய்ப்பு வாசலில் வந்து நின்றான். இத்தனை வருஷத்தில் அவன் அங்கே நின்று அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை.

"அக்கா, வீடு முடியிற வரைக்கும் நாங்க இங்கன இருந்துக்கிறவா?"

"இதென்னப்பா கேள்வி? வாங்க."

அண்ணன் உள்ளே ஒரு கால் வைத்தான். சாய்ப்புக்குள் போகும்போது எங்கள் வீட்டில் யாரும் செருப்பைக் கழற்றியதில்லை. அவனும் கழற்றவில்லை.

அக்கா அவன் காலைப் பார்த்தாள்.

"செருப்ப வெளிய விட்டுட்டு வா அப்பு" என்றாள்.