அம்மனுக்கு எழுதிய கொப்பி

“மனதில் உள்ளதை நாள்தோறும் எழுதுங்கோ, ஆறுதலாயிருக்கும். ஒருத்தரும் வாசிக்கமாட்டினம்” என்று மல்லாவிப் பெண்களுக்குத் தொண்டு நிறுவனத்தின் சார்பில் கொப்பி கொடுத்த மகராசி நான்தான்.

வயலில் கூலி வேலை செய்யும் ஓர் அம்மா மட்டும் ஒருநாளும் தவறவிடவில்லை. மெலிந்த உடம்பு, வெடித்த பாதம். கால் கழுவி, விளக்கேற்றி, அம்மன் படத்துக்கு முன்னால் இருந்துதான் எழுதுவா. முடிந்ததும் கொப்பியைப் படத்துக்குப் பின்னால் வைப்பா.

மூன்றாம் மாதம், அறிக்கைக்குத் தேவையாம், கொப்பிகளைச் சேர்த்துக்கொண்டு வரச் சொன்னது எங்கள் கந்தோர். வெட்கமில்லாமல் போய்க் கேட்டேன்.

“அம்மனுக்குச் சொன்னதை உங்கட கந்தோர் ஏன் பிள்ளை வாசிக்கோணும்? ஒருத்தரும் வாசிக்கமாட்டினம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

படலையை அடித்துச் சாத்தினா.

மேலதிகாரியின் மேசையில் குத்திக் கத்தவேண்டும் என்ற ஆத்திரத்தோடுதான் கந்தோருக்குத் திரும்பினேன். திரும்பி, படிவத்தில் அவாவின் பெயருக்கு நேரே “ஒத்துழைக்கவில்லை” என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.