அம்மாவின் அட்டையில் சித்தி

தொப்பியும் முகக்கவசமும் போட்டுவிட்டால் எங்கள் கம்பெனியில் எல்லாருக்கும் கண்கள் மட்டும்தான். வெள்ளைக் கோட்டு, முழங்கால் வரை பூட்ஸ், கையுறை. இறால் உரிக்கிற நீள மேசையின் இரண்டு பக்கமும் நாற்பது பேர் நின்றால், பெற்ற மகளே அம்மாவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் கண்ணைப் பார்த்துத் தேடுவதில்லை, கையைப் பார்ப்பேன். அம்மா எடுத்த வேகத்தில் தலை ஒரு தொட்டியில் விழும், ஓடு இன்னொன்றில் விழும், முதுகு நரம்பு கத்தி நுனியில் ஒரே இழுப்பில் வந்துவிடும்.

அன்றைக்குக் காலை ஏழேகாலுக்கு, அம்மா நிற்கும் மூன்றாவது இடத்தில், அம்மாவின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றவளின் கை, ஒவ்வொரு இறாலையும் சந்தையில் பேரம் பேசுவதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். அம்மா இல்லை. சித்தி.

"இன்னா சித்தி, நீ இங்க இன்னா பண்ற?"

"உங்கம்மாதான் போவச் சொல்லிச்சு. நைனாவக் கூட்டிகினு பொன்னேரிக்குக் கண்ணாஸ்பத்திரி போயிருக்குது. நம்ம வூட்டு பாடு வீணாப் போவக் கூடாதுன்னு அட்டையக் குடுத்து அனுப்பிச்சுது." பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லா உரிக்கிறனா?" என்று கேட்டாள்.

பாக்கிங் பிரிவில் எனக்கு ஆறு மணி ஷிப்டு. நான் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அம்மா தலை வாரிக்கொண்டிருந்தாள். வேலைக்குத்தான் கிளம்புகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று அந்த ஈரத் தரையில் நின்றபடியே எனக்குப் புரிந்தது.  தப்பு அம்மாவுடையது இல்லை, என்னுடையது.

பத்து மணிக்கு வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வருவதாக இருந்தது. எங்கள் இறாலில் முக்கால்வாசியை வாங்குகிறவர்கள். அவர்கள் முதலில் பார்ப்பது அந்த அட்டையைத்தான். டாக்டர் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்ட அட்டை. போட்டோவில் இருக்கும் முகமும் மேசையில் நிற்கும் முகமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அதற்கு ஆறு மாதம் முன்னால் இறால் வரத்து குறைந்துபோனது. பாதிப் பேரை நிறுத்திவிடுவதாகக் கம்பெனி சொன்னது. வயதானவர்களிலிருந்து ஆரம்பித்து ஒரு பட்டியல் ஒட்டினார்கள். முதல் பெயர் அம்மாவுடையது. எங்கள் சங்கத்துக்கு அப்போது வயது ஒரு வருடம்கூட இல்லை. தலைவி காட்டூரிலிருந்து வரும் அக்கா, செயலாளர் நான். பி.எஸ்சி. படித்திருக்கிறேன், மனு எழுதத் தெரியும், சும்மா இருக்கத் தெரியாது. அதைத் தவிர வேறு தகுதி கிடையாது. சங்கம் இருந்தால் தொழிலாளிக்கும் லாபம், முதலாளிக்கும் லாபம் என்று கல்லூரிப் பேச்சுப்போட்டியில் கைதட்டு வாங்கினவள் நான். அந்த வேகம் உடம்பில் இன்னும் இருந்தது.

யாரையும் நிறுத்த வேண்டாம், இருக்கிற வேலையை முறை வைத்துப் பிரிப்போம், ஒரு வாரம் ஒரு குழு, மறு வாரம் இன்னொன்று என்று எழுதிக் கொண்டுபோனேன். "இன்னைக்கு அனுப்பிட்டீங்கன்னா, சீசன் வந்தா இந்தக் கைங்கள எங்க சார் போய்த் தேடுவீங்க?" என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் முதலாளியிடம் பேசிச் சம்மதம் வாங்கினார். ஒப்பந்தத்தின் கடைசி வரியை மட்டும் அவரே அடித்தார்: முறையில் ஏதாவது குளறுபடி நடந்தால் பழைய பட்டியல் அமலுக்கு வரும்.

அம்மா பெயரிலிருந்து ஆரம்பிக்கும் பட்டியல்.

சங்கக் கூட்டத்தில், மீன்பிடிக் குடும்பங்களிலிருந்து வரும் எங்கள் ஏரிப் பக்கத்துப் பெண்கள் இதை நம்பவில்லை. யாருக்கு முதல் வாரம், யார் சொன்னதுக்கு முதல் வாரம் என்று ஒரே கூச்சல். எனக்குப் பொறுமை கிடையாது. "அட, நம்ம ஊரு பாடு மாதிரிதாங்க்கா! சீட்டுக் குலுக்குவோம், முறை வந்தவங்க வேலைக்கு வருவாங்க, வராதவங்க அடுத்த முறைக்குக் காத்திருப்பாங்க" என்றேன். உடனே எல்லார் முகமும் தெளிந்தது. பாடு என்றால் எங்கள் ஊரில் விளக்கம் வேண்டாம். ஏரியில் எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கிற முறை அது. அதில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. அஞ்சு நிமிஷத்தில் கூட்டம் முடிந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று. ஏரியில் பாடு ஒரு ஆளுக்குச் சொந்தமில்லை, வீட்டுக்குச் சொந்தம். நைனாவுக்குக் காய்ச்சல் என்றால் சித்தப்பா போவார். சித்தப்பா காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கூலி வேலைக்குப் போயிருந்தால் மாமா போவார். யார் முகம் என்று எவரும் கேட்க மாட்டார்கள். முறை வந்தும் போகாமல் இடத்தைக் காலியாக விடுவதுதான் அங்கே கேவலம். என் அம்மா ஒழுங்காக, பொறுப்பாக, ஊர் வழக்கப்படி நடந்திருந்தாள்.

மேசையை ஒரு சுற்று வந்தேன். தெரிந்த கைகளைத் தேடினேன். ஒருத்தி கையுறைக்குள் கண்ணாடி வளையல் போட்டிருந்தாள். அது உப்பிக்கொண்டு நின்றது. இன்னொருத்தி விரல் நுனியில் மருதாணிச் சிவப்பு கையுறையைத் தாண்டித் தெரிந்தது. மொத்தம் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஏரிப் பக்கம். வயல் வேலைக்குப் போகிற காட்டூர்ப் பக்கத்துப் பெண்களில் ஒருத்திகூட ஆள் மாற்றி வரவில்லை. அவர்களுக்குப் பாடு என்றால் தெரியாது. நான் பேசியதில் சீட்டு மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது. அதனால் பிழைத்தார்கள்.

காட்டூர் அக்காவை ஐஸ் உடைக்கிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. என்னிடம் எப்போதும் ஒரு திட்டம் இருக்கும்.

"ஆடிட் முடியிற வரைக்கும் ஒம்பது பேரையும் பின்னாடி குடோன்ல ஒக்கார வச்சிடலாம்க்கா. யாருக்கும் தெரியாது."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒம்பது இடம் பல்லு போன வாய் மாதிரி காலியாக் கெடக்குமே, அத இன்னானு சொல்லுவ?"

"லீவுன்னு..."

"பாப்பா, மாட்டினா உங்கம்மா மட்டும் போவ மாட்டா. சங்கமே களவாணிச் சங்கம்னு ஆயிடும். நாளைக்கு நீ நெசம் சொன்னாலும் அந்தாளு நம்புவாரா? வா, போய்ச் சொல்லிடலாம்."

"சொன்னா பட்டியல் வரும்க்கா. மொதப் பேரு எங்கம்மாது."

"தெரியும். எட்டாவது பேரு என்னுது" என்றாள் அக்கா.

மேனேஜர் அறையில் குளிர்சாதனம் ஓடியது.  சொல்ல ஆரம்பித்தது அக்கா. எப்படி நடந்தது என்பதைச் சொல்லி முடித்தது நான். அவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"டாக்டரே பார்க்காத ஒன்பது பேர். ஒரு மணி நேரமா என் மேசையில நின்னு உரிச்சிட்டிருக்காங்க. அப்படித்தானே?"

"அந்த இறாலத் தனியா எடுத்து வச்சிட்டோம் சார்." அதை மட்டும் உருப்படியாகச் செய்திருந்தேன்.

"இதுக்குத்தான் சங்கமே வேணாம்னு சொன்னேன். ஒவ்வொருத்தரா எங்கிட்ட வந்து லீவு கேட்டிருந்தா இது நடந்திருக்குமா? நடுவுல நீங்க எதுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. தப்பு என் பக்கம் இருந்தும் வந்தது. "லீவு கேட்டா பேரு பட்டியல்ல ஏறும்னு பயம் சார் அவங்களுக்கு. பயந்தவங்க உங்ககிட்ட வந்து சொல்வாங்களா? நாங்க இல்லன்னா இந்த விஷயம் ஆடிட்டர் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அக்கா என் கோட்டைப் பின்னாலிருந்து இழுத்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு ஐம்பது.

"சரி. பத்து மணிக்கு அங்க நாற்பது பேர், அவங்கவங்க அட்டையோட நிக்கணும். இல்லைன்னா ஒப்பந்தம் கிடையாது. பட்டியலை நானே ஒட்டுவேன்."

சித்தியையும் மற்ற எட்டுப் பேரையும் கேட்டுக்கு வெளியே அனுப்பினோம். சித்தி அட்டையைக் கழற்றி என் கையில் வைத்தாள். "நான் இன்னாடி தப்புப் பண்ணேன்?" என்றாள். பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. நல்லவேளை என்றும் நினைத்துக்கொண்டேன்.

அட்டைக்காரர்களில் மூன்று பேர் வீட்டிலேயே இருந்தார்கள், உடனே கிளம்பிவிட்டார்கள். அம்மா பொன்னேரியில் போனையே எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சத்தம் வரக்கூடாது என்று அணைத்து வைப்பாள். மற்றவர்களும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை. இன்னும் ஆறு பேர் வேண்டும். மறு வாரக் குழுவில் அட்டை வைத்திருந்து, பக்கத்தில் இருப்பவர்கள் காட்டூர், அனுப்பம்பட்டுப் பெண்கள்தான். அவர்களுக்கு இது ஓய்வு வாரம். அவர்கள் ஏன் வர வேண்டும்?

அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் எடுத்தவள் முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ஏரிக்கரை மகாராணிங்க ஆள் வச்சு இறால் உரிப்பாங்க, நாங்க நடவுல நிக்கிற காலக் கழுவிகினு வந்து அவங்க மானத்தக் காப்பாத்தணுமா?"

"மானம் இல்லடி, சோறு. பட்டியல் வந்தா உன் பேரும் அதுலதான் கீது" என்றாள் அக்கா.

"அப்ப இது சங்கத்துக்கா, மொதலாளிக்கா? அத மட்டும் சொல்லு."

அக்கா என்னைப் பார்த்தாள். பேச்சுப்போட்டியில் இந்தக் கேள்விக்கு ஏழு நிமிஷம் பேசினவள் நான்.  "ரெண்டு பேருக்கும்தான்க்கா" என்று கத்தினேன். நானே நம்பாத குரலில்தான் வந்தது.

"படிச்ச புள்ள, நல்லா டபாய்க்கிற" என்று போனை வைத்துவிட்டாள்.

வருகிறாளா இல்லையா என்று தெரியாது. அடுத்தடுத்துப் போட்டோம். ஒருத்தி வருகிறேன் என்றாள், ஒருத்தி மாமியாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள், ஒருத்தி எடுக்கவே இல்லை. எட்டரைக்கு ஏரிப் பக்கத்து மூன்று பேர் வந்து இடத்தில் நின்றார்கள். ஒன்பது மணிக்கும் ஆறு இடம் காலி. கண்ணாடி வழியாக மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கும் மேசைக்கும் நடந்து நடந்து பூட்ஸுக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது.

ஒன்பது முப்பத்தைந்துக்கு ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதற்குள்ளிருந்து ஏழு பேர் இறங்கினார்கள். முதலில் இறங்கியவள்தான் போனை வைத்தவள். கணுக்காலில் சேறு காயவில்லை.

"எங்கடி அந்த மகாராணிங்க?" என்று கேட்டுக்கொண்டே கை கழுவும் தொட்டிக்குப் போனாள். ஒரு ஆள் அதிகமாக இருந்ததை யாரும் குறை சொல்லவில்லை.

பத்து மணிக்கு ஆடிட்டுக்கு வந்த இரண்டு பேரும் மேசையைச் சுற்றினார்கள். முகக்கவசத்தை இறக்கச் சொல்லி அட்டையோடு ஒப்பிட்டார்கள். மூன்றாவது இடத்தில், அம்மாவுக்குப் பதில் தன் அட்டையோடு நின்ற காட்டூர்க்காரி முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்கள்.  பூட்ஸில் சேறு என்று குறித்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவ்வளவுதான்.

சாயங்காலம் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். ஒப்பந்தத் தாள் மேசைமேல் கிடந்தது. "நான் போன் போட்டிருந்தா ஒருத்தர் வந்திருக்க மாட்டாங்க" என்றார், பாராட்டுபோல இல்லாமல், யாரோ அவரை ஏமாற்றிவிட்டதுபோல. "ஒப்பந்தம் இருக்கட்டும். ஆனா அந்த ஒன்பது பேரை என்ன செய்யப் போறீங்க? நீங்க செய்யலைன்னா நான் செய்வேன்."

சங்கம் அன்றைக்கே கூடியது. ஏரியில் பாடு முறையைக் கெடுத்தவருக்கு அடுத்த முறை கிடையாது. அதையே இங்கேயும் வைப்போம் என்றார்கள் ஏரிப் பெண்களே. அட்டையைக் கொடுத்தனுப்பிய ஒன்பது பேருக்கும் அடுத்த வேலை முறை வெட்டு. சொல்லிக் கெடுத்தது நான்தான், என் பெயரையும் சேருங்கள் என்றேன். பத்தாவதாகச் சேர்த்தார்கள். "பெரிய தியாகி" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்த வெட்டுப் பட்டியலைப் படித்துக் காட்டியதும் நான்தான். முதல் பெயர் அம்மாவுடையது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். நைனாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்த அம்மா, இரண்டு சொட்டும் விட்டு முடித்தாள்.

"உன் சங்கம் என்னைக் காப்பாத்திச்சா, மாட்டி வுட்டுச்சா?"

"ரெண்டும்தான்மா."

"எல்லாத்துக்கும் ரெண்டும் ரெண்டும்னு சொல்லு." மருந்துப் புட்டியை மூடி அலமாரியில் வைத்தாள்.

இரண்டு பேருக்கும் லாபமா என்று இப்போது யாராவது கேட்டால் நான் சட்டென்று ஆமாம் சொல்வதில்லை. அன்றைக்கு முதலாளிக்கு ஆர்டர் போகவில்லை, எங்களுக்கு வேலை போகவில்லை. ஆனால் ஓய்வு வாரத்தில் நடவை விட்டு வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று அக்கா இன்னும் மேனேஜரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மனு என் கையெழுத்தில்தான் போயிருக்கிறது. பதில் வரவில்லை.

அம்மாவின் வெட்டு முடிந்து மறுபடி முறை வந்த வாரம், சித்தி காலையிலேயே வந்துவிட்டாள். அந்த வாரம் எனக்கும் அம்மாவின் ஷிப்டுதான். அம்மாவுக்கு இடுப்பு வலி என்று கேள்விப்பட்டிருக்கிறாள். "ஒரு நாளைக்கு நான் போயிட்டு வரட்டா?" என்று ஆணியில் தொங்கிய அட்டையை எடுத்தாள்.

அம்மா அதை அவள் கையிலிருந்து வாங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"இதுல இருக்கிறது வூடு இல்லடி, என் மூஞ்சி" என்றாள். இடுப்பைப் பிடித்தபடியே ஆட்டோ நிற்கும் இடத்துக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.