அடுத்த தெருவில் பள்ளிக்கூடம்

செய்யது அபுதாஹிர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். காலண்டரைத் தலைச்சுமையாகச் சுமந்து விற்று, சிவகாசியில் மாடி வீடு கட்டியவர். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தொழிலைச் சொல்லிவிடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பார், பெரும்பாலும் உண்மைதான். வாசலில் அவர் தொங்கவிட்ட அட்டைகூட மூன்று கலரில் அச்சடித்தது: ‘மாடி வாடகைக்கு. பட்டாசு வேலைக்காரர்களுக்கு இல்லை.’ வீட்டில் வைத்துத் திரி, வெடிமருந்து என்று யாராவது கைவைத்தால் தெருவே போய்விடுமே என்ற பயம்.

2004 ஜூலை, தீபாவளி சீசன் வேலை சூடு பிடித்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோலையம்மாள் தலைக்குக் குளித்து, ஆறு வயது மகள் பானுப்பிரியாவோடு வந்து நின்றாள்.

“என்ன வேலைம்மா?”

“காலண்டர் கம்பெனி, பாய். நூல் கட்டுறேன்.”

“அட, நம்ம தொழிலு! நான் கட்டாத நூலா?” என்று அவர் தன் கதையை ஆரம்பித்தார்.

டீ கொண்டுவந்த மனைவி சபுரா, “கேட்டுக்கம்மா, டீ ஆறுறதுக்குள்ள பம்பாய் வரைக்கும் போயிட்டு வந்துருவாக” என்றாள்.

அபுதாஹிர் சட்டென்று நிறுத்தினார். அட்டை கட்டியதில் மிஞ்சித் தரையில் கிடந்த நூல் துண்டுகளை, உட்கார்ந்திருந்த சோலையம்மாளின் விரல்கள் இடம் ஒன்று வலம் ஒன்றாக நெருக்கிப் பின்னிக்கொண்டிருந்தன. அவளுக்கே அது தெரியவில்லை.

“ஏத்தா, காலண்டருக்கு முடிச்சுத்தான் போடணும். இது சரவெடி பின்னுற கை.”

அவள் நூலைக் கீழே போட்டாள்.

“நெசத்தைச் சொன்னேன், மூணு வீட்டுல கதவைச் சாத்திட்டாக. ரயில்வே கேட்டுக்கு அங்கிட்டு இருக்கோம் பாய். ஏளு மணிக்கு எனக்குப் பட்டாசுக் கம்பெனி வேன் வந்துரும். இவ தனியாத்தான் இந்த அடுத்த தெருப் பள்ளிக்கூடத்துக்கு வரணும். கேட்டு போட்டிருந்தா குனிஞ்சு தண்டவாளத்தைத் தாண்டுதா. வெள்ளிக்கிளமை கேட்டுக்காரர் கையைப் பிடிச்சு இளுத்திருக்காரு. வீடு கெடைக்கலேன்னா படிப்பை நிப்பாட்ட வேண்டியதுதான்.”

“ரயிலு தூரத்துலதான் வந்துச்சு” என்றாள் பானுப்பிரியா.

அபுதாஹிர் அவள் அம்மாவிடம் திரும்பினார்.

“ஒரு முளம் திரி மாடி ஏறக்கூடாது. ஏறுச்சு, அன்னிக்கே காலி.”

“எம்புள்ள படுக்குற எடத்துல வைப்பனா, பாய்?”

சபுரா கேட்டாள்: “வேனு ஏளு மணிக்கு. பள்ளிக்கூடம் ஒம்பதரைக்கு. அதுவரைக்கும் புள்ள எங்கன இருக்கும்?”

சோலையம்மாள் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“எங்கூட இட்லி திங்கட்டும்” என்று சபுராவே சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள்.

அபுதாஹிர் வாசலுக்குப் போய் அட்டையை அவிழ்க்கப் பார்த்தார். “நான் போட்ட முடிச்சு, லேசுல அவுளாது” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே பல்லால் கடித்து இழுத்தார்.