அலமேலு தைத்த மிருதங்க உறை

காயாத கறுப்புப் பெயின்ட் வாசனை... இன்றைக்கும் எங்காவது மூக்கில் பட்டால் எனக்கு நெஞ்சு சுருக்கென்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் மந்தைவெளியில் குடியிருந்தோம். பகலில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை, சாயங்காலம் மிருதங்கம். மயிலாப்பூர் பஜனைகளைத் தாண்டி வெளியே வாசித்ததில்லை. அப்படிப்பட்டவனை ஒரு பெரிய பாடகர் கும்பகோணத்துக் கல்யாணக் கச்சேரிக்குக் கூப்பிட்டுவிட்டார்! எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

சரி... மிருதங்கத்தை ரயிலில் எதில் வைத்து எடுத்துப் போவது?

மரப்பெட்டி என்றால் தூக்க ஆள் வேண்டும். தோல் பெட்டி பாண்டு வாத்தியக்காரர்களிடம் பார்த்ததோடு சரி. என் மனைவி அலமேலு மிருதங்கத்தை நூலால் சுற்றி அளவெடுத்தாள். அடுப்படி வேலை முடிந்ததும் உட்கார்ந்து, தன் பழைய புடவைகளை மடித்து, நடுவே இலவம்பஞ்சு வைத்து, நாலே நாளில் ஓர் உறை தைத்துவிட்டாள். அரக்கும் பச்சையுமாக... வாயைச் சுருக்கிக் கட்ட நாடா வேறு.

"இதுல வெச்சு எடுத்துண்டு போங்கோ. தோலுக்குக் காத்து வேணுமோன்னோ?"

"இதென்னடி, மெத்தை மூட்டையாட்டம்! இதைத் தூக்கிண்டு அவர் எதிர்க்க போய் நிக்கறதா?"

அவள் சிரித்தாள். நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

மறுநாளே லஸ் பக்கம் ஒரு தகர வேலைக்காரரிடம் போனேன். மிருதங்கம் படுக்கிற அளவுக்குத் தகரப் பெட்டி, மேலே கறுப்புப் பெயின்ட். பிடி, கொக்கி, மூடியில் வெள்ளை எழுத்தில் என் பெயர்.

"தண்ணி பூராது, எலி கடிக்காது. இன்னா சாமி, ஜம்முனு கீது பாரு!"

ஜம்மென்றுதான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் உறையை அலமேலுவிடமே நீட்டினேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வைகாசி வெயில். கிளம்புகிற காலையிலும் கை சும்மா இருக்கவில்லை, கொஞ்சம் சாதகம் பண்ணினேன். இடப்பக்கத் தோலில் நாதத்துக்காக அப்பியிருந்த ரவைப் பசையை வழித்தவன், ஈரம் காயப் பொறுமை இல்லாமல் அப்படியே பெட்டியில் வைத்துக் கொக்கியைப் போட்டுவிட்டேன். ரயிலில் ஜன்னலோர வெயில்... இறங்கிய பிறகு திறந்த மாட்டுவண்டி... பெட்டியைத் தொட்டால் கை சுட்டது. அப்போதும் புத்தி வரவில்லை. மூடியில் பெயர் நன்றாகத் தெரிகிறதா என்றுதான் பார்த்தேன்!

கல்யாண வீட்டில் எல்லார் முன்னிலையிலும் திறந்தேன். குப்பென்று புளித்த வாடை. வலப்பக்கத் தோலின் நடுவில் வட்டமாக அப்பியிருக்கும் கறுப்புக் கரணை வெடித்து, ஒரு சில்லு பெட்டிக்குள்ளேயே உதிர்ந்து கிடந்தது. இடப்பக்கத் தோல் தொளதொளத்துப் போயிருந்தது.

பாடகர் கோபப்படவில்லை. "போறது, உக்காந்து கேளும்" என்றார். உள்ளூர்க்காரர் ஒருவர் வாசித்தார். நான் ஜமக்காள ஓரத்தில் உட்கார்ந்து தாளம் போட்டேன். அதன்பிறகு அவர் என்னைக் கூப்பிடவே இல்லை.

வீடு திரும்பியதும் அலமேலு ஆசையாகக் கேட்டாள்.

"நன்னா வாசிச்சேளா?"

"பேஷா வாசிச்சேன்."

அவளுக்குத் தெரியாமலே மிருதங்கத்தைச் சரிசெய்தேன். பிறகு அந்த உறையைத் தேடினேன். அதைப் பிரித்து, குழந்தைக்குச் சின்ன மெத்தையாகத் தைத்திருந்தாள். அதன்மேல் எங்கள் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத்தான் பெட்டி இருக்கே... வீணா கெடக்க வேண்டாமேன்னுதான்."

கேட்டிருந்தால் இன்னொன்று தைத்திருப்பாள். கேட்பதென்றால் நடந்ததைச் சொல்ல வேண்டுமே! பல வருஷம் பழைய ஜமக்காளத்தில் சுற்றித்தான் எடுத்துப் போனேன். பெட்டி என்ன ஆயிற்று என்று அவளும் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

போன வாரம் பேரனின் மிருதங்கத்துக்கு உறை வாங்க அவனோடு தி.நகர் வாத்தியக் கடைக்குப் போயிருந்தேன். இப்போதுதான் எத்தனை விதம்... ஜிப், தோளில் மாட்ட வார், பாட்டு நோட்டு வைக்கத் தனிப் பை.

"உள்ள பஞ்சு வெச்சுத் தெச்சது சார். தோலுக்குக் காத்து வேணும் பாருங்க" என்றார் கடைக்காரர்.

பேரன் நீலமா, கறுப்பா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நான் உறையின் உட்பக்கத்துப் பஞ்சை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலமேலு போய் ஆறு வருஷம் ஆகிறது. 'நீ சொன்னதுதான்டி சரி' என்று அவளிடம் சொல்ல எனக்கு ஒரு சாயங்காலம்கூடக் கிடைக்கவில்லை.

இல்லை... அதுவும் பொய். அத்தனை சாயங்காலமும் கிடைத்தது. நான்தான் சொல்லவில்லை.