ஜரிகைத் துணிமேல் ஒரு மவுஸ்

ஆரணியில் எங்கள் வீட்டுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்த பிறகு, ஞாயிறுதோறும் நானும் மனைவியின் தம்பியும் மாறி மாறி ஒரு துப்பாக்கி விளையாட்டு ஆடுவோம். தவறாமல் நான் தோற்பேன். தவறாமல் மவுஸ் மேல் பழி போடுவேன். அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. வீட்டில் பட்டுநூல் சுற்றும் வேலை. பறக்கிற பிசிறெல்லாம் மவுசின் அடியிலிருக்கும் உருண்டையில் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

"அதே மவுசுலதான மாமா நானும் ஆடறேன்?"

"உன் கை சின்னது. என் கைக்கு இது ஆவாது."

"அப்போ உங்க கைக்கு ஏத்தாமாரி ஒண்ணு வாங்கியாங்க. அதுலயும் தோத்தா இன்னா சொல்றீங்கன்னு பாக்கறேன்."

மாட்டிக்கொண்டேன். சனிக்கிழமை வேலூருக்கு பஸ் ஏறினேன்.

"உள்ளங்கைய வெச்சு பிடிப்பீங்களா, விரல் நுனியிலயா?" என்றார் கடைக்காரர். இதையெல்லாமா ஒரு மனுஷன் யோசித்து வைத்திருப்பான்? காற்றில் பிடித்துக் காட்டினேன்.

"வடை தட்டறீங்களே சார்," என்று சொல்லி, முதுகு தூக்கின கேமிங் மவுஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பக்கவாட்டில் வேறு பட்டன்கள். "சாஃப்ட்வேர் போட்டாத்தான் அதெல்லாம் வேலை செய்யும்."

போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி ஏற்றச் சொன்னது. ஏற்றினால், புதுசாக ஏதோ இறக்க வேண்டும் என்றது. ஒருவழியாகத் திறந்ததும் மவுசின் விளக்குக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கல்யாணப் புடவைக்குக்கூட நான் அவ்வளவு நிறம் பார்த்ததில்லை.

மவுஸ் வைக்க, மிச்சப்பட்ட ஜரிகை பார்டரை மடித்து ஒரு துணி தைத்துக் கொடுத்திருந்தாள் மனைவி. அதன்மேல் நகர்த்தினால் திரையில் அம்புக்குறி வெட்டுக்கிளி மாதிரி தாவியது. சாஃப்ட்வேரைத் திட்டினேன்; எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். வேகத்தைக் குறைத்தேன், நிதானமாகத் தாவியது.

மல்லாக்கத் திருப்பிப் பார்த்தேன். உருண்டை இல்லை, சிவப்பு வெளிச்சம். இதற்குக் கண்ணா இருக்கிறது? ஆர்வம் பிடித்துக்கொண்டது. செய்தித்தாளில் ஓட்டினேன், ஓடியது. உள்ளங்கையில் ஓடியது. தொடைமேல் கட்டம் போட்ட லுங்கியில் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஜரிகையில் மட்டும் பைத்தியம். சாஃப்ட்வேரில், மவுஸ் ஓடுகிற இடத்தைப் பழக்கிவிட ஒரு வசதி இருந்தது. ஜரிகைமேல் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். இந்த இடம் சரிப்படாது என்று கைவிரித்துவிட்டது.

"ஜரிகை மினுக்குதில்ல, அதுக்குக் கண்ணு கூசுது," என்று மனைவியிடம் விளக்கினேன், நானே மவுசைக் கண்டுபிடித்தவன்போல.

"பேஜார் புடிச்ச மனுசன். லுங்கில ஓட்டிகினு உக்காந்துகினு இருக்காரு," என்று போய்விட்டாள்.

மறுநாள் மச்சினன் வந்தான். துணியை ஒதுக்கிவிட்டு, வெறும் மேஜையில் அவனை முதலில் ஆடவிட்டேன். மவுஸ் வெண்ணெயாக ஓடியது. சுட்டுத் தள்ளிவிட்டு எழுந்தான். திரையிலிருந்த எண்ணிக்கையை இரண்டு தரம் படித்துப் பார்த்தேன்.

"வாங்க மாமா. கைக்கேத்த மவுசு. இன்னிக்கு இன்னா சொல்லப் போறீங்க?"

உட்கார்ந்தேன். மவுசைத் தூக்கி, ஜரிகைத் துணியை மெதுவாக அடியில் இழுத்துக்கொண்டேன்.

"ஏங்க, அது ஆவாதுன்னு நேத்து நீங்கதான சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"நீ ஆசையா தெச்சது. அத எப்பிடி ஒதுக்கறது?"