ஒய் எங்கே, ஓய்?

முழங்கை வரைக்கும் சோப்பு நுரை ஏறியாயிற்று. இன்னும் குழாயடியை விட்டு நகரக் காணோம் செல்வமேரியை. விரல் இடுக்கு ஒவ்வொன்றாகத் தேய்த்து, நகக்கண்ணைச் சுரண்டி, வளையலை மேலே தள்ளி அதன் கீழும் ஒரு தேய்ப்பு. பின்னால் டிபன் டப்பாவும் கையுமாக ஆபீஸ் மொத்தமும் வரிசை கட்டி நிற்கிறது. "சோறு ஆறிப்போவுது மேடம்" என்று யாரோ முனகுகிறார்கள். திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் வருகிறது: "சோறு ஆறினா சூடு பண்ணிக்கலாங்க. வயித்துக்குள்ள போனதைத் திருப்பி வாங்க முடியுமா?" அவள் நகர்ந்ததும் எல்லோரும் முழங்கை வரைக்கும்தான் கழுவுகிறார்கள். சாப்பிட உட்கார்ந்தாலும் அவள் கண் குழாயடியில்தான் இருக்கும்.

திருச்சிக்கு வெளியே, தஞ்சாவூர் ரோட்டில் இருக்கிற பூச்சிமருந்துக் கம்பெனி அது. பெயர் வேண்டாம், ஓசி விளம்பரமாகிவிடும். செல்வமேரி பாலக்கரைக்காரி. கெமிஸ்ட்ரி பட்டம், நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது, கைப்பையில் ஒரு ஜெபமாலை, ஒரு பூதக்கண்ணாடி. பூதக்கண்ணாடி எதற்கென்றால், டப்பாக்களின் முதுகில் எறும்பு மாதிரி ஊர்கிற பொடி எழுத்தைப் படிக்க. எந்தத் தூளைக் கண்டாலும் எந்தத் திரவத்தைக் கண்டாலும் அவளுடைய முதல் கேள்வி, "இதுக்குப் பேரென்ன, ஊரென்ன?" கம்பெனி வாசல் டீக்கடையில் கேசரித் தட்டைப் பார்த்துவிட்டு இதைக் கேட்டாள். "கேசரிப் பவுடருங்க" என்றார் கடைக்காரர். "அது செல்லப் பேரு. சர்டிபிகேட்டுல என்ன பேரு?" அன்றிலிருந்து அவள் தலை தெரிந்தால் கேசரித் தட்டு மேஜைக்கு அடியில் போய்விடுகிறது.

வீட்டில் புருஷன் அற்புதசாமி படுகிற பாடு தனி. பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. இரும்பையே வளைக்கிற மனுஷன், வீட்டில் ஒரு கொசுவர்த்தி கொளுத்த அனுமதி கேட்க வேண்டும். ஒரு தடவை தலைக்கு அடிக்கிற டையை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். மறுநாள் அதன் பூர்வோத்திரம் முழுக்க மேஜை மேல் இருந்தது. கண்ணில் பட்டால் என்ன ஆகும், காதோரம் அரித்தால் என்ன அர்த்தம் என்பது உட்பட. "எங்க கோயில்ல ஜாதகம் பாக்குற வழக்கமே கெடையாது. எனக்குக்கூட பாக்கல. இவ டைக்குப் பாத்துட்டா" என்று பட்டறையில் புலம்பினார். இப்போது அவர் தலை சுத்த வெள்ளை. பார்க்கவும் லட்சணமாகத்தான் இருக்கிறது.

ஜாதகம் என்று அவர் சொன்னது ஆபீஸ் கம்ப்யூட்டர் அச்சடித்த காகிதத்தை. எண்பத்தெட்டில் கம்பெனிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. மனுஷர்களுக்கு மின்விசிறி, அதற்கு ஏசி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அறைக்குள் போக வேண்டும். கூடவே பம்பாயிலிருந்து பிளாப்பியில் ஒரு புரோகிராம். ரசாயனத்தின் பெயர், அதன் விஷக் கடுமை, எவ்வளவு தெளிப்பார்கள் என்று தட்டினால், அப்புறம் அது கேள்வி கேட்க ஆரம்பிக்கும். தெளிக்கிறவர் கையுறை போடுவாரா? முகமூடி உண்டா? அளக்கத் தனிப் பாத்திரமா? சாப்பாட்டுச் சாமானுக்குத் தள்ளி வைப்பாரா? ஒவ்வொன்றுக்கும் ஆமென்றால் ஒய், இல்லையென்றால் என். எல்லாம் கேட்டு முடித்துக் கணக்குப் போட்டு, இது ஆபத்தா இல்லையா, லேபிளில் என்னென்ன எச்சரிக்கை போட வேண்டும் என்று பச்சை எழுத்தில் சொல்லும். அந்த இங்கிலீஷைத் தமிழாக்கி விவசாயிக்குத் துண்டுப்பிரசுரமாக்குவது செல்வமேரியின் வேலை. தன் தமிழைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஸ்கூல் கட்டுரைப் போட்டியில் வாங்கிய கோப்பை இன்னும் வீட்டில் பளபளவென்று இருக்கிறது.

மேனேஜர் வகுளாபரணம் ஸ்ரீரங்கத்துக்காரர், உத்தர வீதி. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி இறங்கி வருகிற தங்கமான மனுஷர். ஆண்பிள்ளை யாரானாலும் அவருக்கு "ஓய்"தான். வாட்ச்மேனும் ஓய், பேங்க் ஏஜென்ட்டும் ஓய், மக்கர் பண்ணுகிற டைப்ரைட்டரும் ஓய். கம்ப்யூட்டரிடம் மட்டும் பயபக்தி. ஆயுத பூஜையன்று அதன் தலையில் வைத்த பெருமாள் படத்தை அப்புறம் யாரையும் எடுக்க விடவில்லை. அது ஒன்று சொல்லிவிட்டால் மறுபேச்சுக் கிடையாது: "கம்ப்யூட்டரே சொல்லிடுத்தும்மா." ஆனால் அது கேட்கிற கேள்விகளுக்கு என்ன பதில் சொல்வது என்பதை அவர்தான் முடிவு செய்வார். "கையுறையா, உண்டு, ஒய் போடு. முகமூடியா, நம்ம குடியானவாளுக்கு எல்லாம் உண்டும்மா, ஒய் போடு." செல்வமேரி தட்டிக்கொண்டே ஒரு நாள் சொன்னாள்: "மெஷினும் ஸ்ரீரங்கத்துப் பாஷை கத்துக்கிச்சு சார். எதைக் கேட்டாலும் ஓய் ஓய்னுது." அவரும் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துவிட்டு, அடுத்ததற்கும் ஒய் போடச் சொன்னார். அவளும் போட்டாள்.

இப்போதெல்லாம் அவள் முன்னால் யாராவது "பூச்சி மருந்து" என்றால் சும்மா விடமாட்டாள். "மருந்துன்னா டாக்டர் தர்றதுங்க. இது விஷம். விஷம்னே சொல்லுங்க." அதற்குக் காரணம் ஜீயபுரம்.

புதிதாக ஒரு தூள் போட்டார்கள். விபூதி மாதிரி சாம்பல் நிறம், வாழைக்கு. எல்லா ஒய்யும் வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் "பயமில்லை" என்று சொல்லியிருந்தது. முதலில் ஜீயபுரத்தில் சில பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எப்படி இருக்கிறது என்று விசாரிக்கக் கம்பெனி ஜீப்பில் செல்வமேரி போனாள். வாழைத் தோப்பை ஒட்டி பிச்சமுத்துவின் வீடு. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பிச்சமுத்து வணக்கம் சொன்னார். கூடவே ஒரு குறையும் சொன்னார்.

"எல்லாம் நல்லா எழுதியிருந்தீங்கம்மா. அந்தக் கையுறைதான் கெடைக்கல. உறையூர்லதான் இருக்கும்னு தேடிப் போனேன். தறிக்காரங்க வீடு வீடாக் கேட்டேன். கைத்தறி இருக்கு, கையுறை இல்லைன்னுட்டாங்க."

"ரப்பர் கிளவுஸுங்க அது. ஆஸ்பத்திரியில டாக்டர் மாட்டுவாரே."

"அதையா கையுறைன்னீங்க? கிளவுஸுன்னு போட்டிருந்தா வாங்கியிருப்பேனே. வெறுங்கையாலதான் தூவுனேன்."

கட்டுரைப் போட்டிக் கோப்பை மனசுக்குள் டங்கென்று விழுந்தது. அதை மறைத்துக்கொண்டு, மிச்சத் தூள் எங்கே என்று கேட்டாள். பிச்சமுத்துவின் சம்சாரம் அழகம்மாள் பெருமையோடு உள்ளே கூட்டிப் போனாள். "நீங்க போட்டிருந்தபடியே செஞ்சிருக்கோம்மா. கொழந்தைக்கு எட்டாம, உசரமான எடத்துல, பத்திரமா வைக்கணும்னு இருந்துச்சில்ல? எங்க வீட்டுல இதைவிட உசரமும் கெடையாது, பத்திரமும் கெடையாது."

அது சாமிப் பலகை. முருகன் படத்துக்குப் பக்கத்தில் தூள் பாக்கெட். ஒரு பக்கம் கிரைப் வாட்டர் பாட்டில், மறு பக்கம் விபூதித் தட்டு. மடித்து வைத்த வாய் வழியாகத் தூள் கசிந்து, தட்டின் விளிம்பில் கோடு போட்டிருந்தது. எது விபூதி, எது விஷம் என்று கடவுளுக்குத்தான் தெரியும். கீழே தூளியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மருந்தாச்சே, மருந்தோட மருந்தா இருக்கட்டும்னு வச்சேன்" என்றாள் அழகம்மாள். "புள்ளைக்குச் சளி. முழிச்சதும் விபூதி பூசி, துளி வாயில போடணும்."

இன்றைக்குப் போட்டாயிற்றா என்று கேட்டாள் செல்வமேரி. இன்னும் இல்லை. பாக்கெட் பலகைக்கு ஏறியதே நேற்று சாயங்காலம்தான். அவள் கைப்பையிலிருந்து தன் கிளவுஸை எடுத்து மாட்டினாள். பாக்கெட்டை எடுத்தாள், விபூதித் தட்டை எடுத்தாள், கிரைப் வாட்டரை எடுத்தாள். பலகையை ஈரத்துணியால் துடைத்தாள். எல்லாவற்றையும் கிணற்றுக்கு எட்டாத தூரத்தில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்க வைத்தாள். அழகம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "வேதக்காரம்மா வந்து வீட்டு விபூதியைக் கொட்டிட்டுப் போறாங்க, நீங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க" என்று புருஷனிடம் பாய்ந்தாள். செல்வமேரி சண்டைக்குப் போகவில்லை. ரோட்டுக் கடைக்கு நடந்து போய் இரண்டு பொட்டலம் விபூதி வாங்கி வந்தாள். ஒன்றை இரண்டு கையாலும் அழகம்மாளிடம் கொடுத்து விஷயத்தை விளக்கினாள். கேட்டு முடித்ததும் அழகம்மாள் தூளியிலிருந்து குழந்தையை வாரி எடுத்தவள், அப்புறம் கீழே விடவேயில்லை. இன்னொரு பொட்டலம் செல்வமேரியின் பையிலேயே தங்கிவிட்டது.

கம்பெனிக்குத் திரும்பினால், வாசலில் லாரி. அதே தூள், மூட்டை மூட்டையாக ஏறிக்கொண்டிருக்கிறது. ஜீயபுரத்திலிருந்து வையம்பட்டி வரைக்கும் போகிற சரக்கு. அத்தனை வீட்டிலும் ஒரு சாமிப் பலகை இருக்கும். செல்வமேரி நேரே மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். வகுளாபரணம் நெற்றியைத் தடவினார். "மெட்ராஸுக்கு வார்த்தை கொடுத்தாச்சும்மா. ஒருத்தன் அசட்டுத்தனம் பண்ணினா ஊரே பண்ணுமா? கம்ப்யூட்டரே பயமில்லைன்னு சொல்லிடுத்து."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போனாள். அதே தூளின் பெயரைத் தட்டினாள். கையுறை? என். முகமூடி? என். தனி அளவுப் பாத்திரம்? என். சாப்பாட்டுச் சாமானுக்குத் தள்ளி? என். பிரிண்டர் கிறீச்சென்று கத்திக்கொண்டு காகிதத்தைத் துப்பியது. ஓடி வந்து படித்தார் வகுளாபரணம். "மிகக் கடுமையான ஆபத்து. இந்த நிலையில் விற்கக்கூடாது."

"என்னம்மா இது, போன மாசம் ஒண்ணு சொல்லித்து, இப்ப ஒண்ணு சொல்றது?"

"போன மாசம் நாம கேட்டது உங்க குடியானவரைப் பத்தி சார். இன்னைக்குக் கேட்டது பிச்சமுத்துவைப் பத்தி."

அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "சரி, எழுந்திரு. நானே போடறேன்." நாற்காலியில் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலை நீட்டி, கீபோர்டில் தேடினார். மேல் வரிசையில் தேடினார், கீழ் வரிசையில் தேடினார். ஒய் இருக்க வேண்டிய இடத்தில் பல் விழுந்த குழி மாதிரி ஓர் ஓட்டை. குழிக்குள் அழுத்தினாலும் வேலை செய்யும் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்தவள் சொல்லவில்லை. "ஓய்" என்றார் கம்ப்யூட்டரைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக. "ஒய் எங்கே, ஓய்?"

செல்வமேரி கிளவுஸ் மாட்டிக்கொண்டு, பையிலிருந்து பாலிதீன் சுற்றிய தூள் பாக்கெட் ஒன்றை எடுத்தாள். அதைக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் தலைமேல், பெருமாள் படத்தை ஒட்டி வைத்தாள்.

"உயரமான இடம் சார். பத்திரமான இடமும்கூட."

"அபசாரம், அபசாரம். எடும்மா அதை."

"நீங்களே எடுங்க சார். கையுறை இருந்தா மாட்டிக்குங்க."

வகுளாபரணத்தின் கை பாதி தூரம் போயிற்று. அங்கேயே நின்றது. தன் வெறுங்கையை அவர் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடியும் கையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "அந்தக் கொழந்தைக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்லீங்க சார். தப்பிச்சிடுச்சு."

அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். ஏசிக் காற்று வெளியே போவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "ஓய், லாரியை நிறுத்தும். ஏத்தினதை இறக்கும். மெட்ராஸுக்கு நான் பேசிக்கறேன்."

அந்தப் பாக்கெட்டில் இருந்தது ஜீயபுரத்துக் கடை விபூதி. நிஜத் தூளை இவள் ஏசி அறைக்குள் கொண்டுவருவாளா என்ன? ஜீப்பில் கிடந்த கம்பெனிக் காலி உறை ஒன்றில் இரண்டாவது பொட்டலத்தைக் கொட்டி ஒட்டியிருந்தாள். பெருமாள் பக்கத்தில் விபூதி வைத்த சங்கதியை ஸ்ரீரங்கத்துக்காரரிடம் இன்றுவரை அவள் சொல்லவில்லை. அவர் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுவது.

திரையில் கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டே இருந்தது: புது எச்சரிக்கையை அச்சடிக்கலாமா, ஒய்யா, என்னா? இனி உறையின் நெற்றியில் மருந்து என்று இருக்காது, விஷம் என்று இருக்கும்; கையுறை போய் கிளவுஸ் வரும், அதுவும் ஒரு ஜோடி பாக்கெட்டோடு சேர்த்தே வரும். எல்லாம் பேசி முடித்தாயிற்று. வகுளாபரணம் கையை நீட்டினார். "அந்த ஒய்யைக் கொடும்மா. நானே அழுத்தறேன்."

"அந்த மேஜையைத் தொட்டுட்டீங்க சார். முதல்ல கை கழுவிட்டு வாங்க."

மேனேஜர் குழாயடிக்கு நடந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். செல்வமேரி சோப்பை எடுத்து நீட்டினாள். சோப்புக்கு அடியில், அவள் உள்ளங்கை நுரையில், ஒய் இருந்தது.